கொண்டை ஊசி வளைவில் கார்: வளைவுச் சாலையின் இயற்பியலைக் கணக்கிட்டு அறிவதற்கான முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொல்லிமலைச் சாலையில் 70, கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் பாதையில் 36. இவற்றில் எந்த வளைவை எடுத்துக்கொண்டாலும், அதில் திரும்பும் கார் சில எளிய விதிகளுக்குக் கட்டுப்பட்டே நகர்கிறது. அந்த விதிகளை ஒவ்வொரு படியாக எடுத்து, ஒரே ஒரு வளைவின் மீது பொருத்திப் பார்ப்பதே இந்த வழிகாட்டியின் வேலை. பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் போதும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் "வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல் எவ்வளவு ஆழமானது என்பது எண்களாக விரித்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகு ஓட்டுநரின் கையில் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. நுழையும்போது இருந்த வேகமே ஏறக்குறைய எல்லாவற்றையும் தீர்மானித்து முடித்திருக்கும்.

படி 1: திரும்புவதும் ஒரு முடுக்கமே என்பதை உணர்தல்

வேகமானியின் முள் அசையாமல் 30-இல் நிற்கும்போதும், வளைவில் செல்லும் கார் முடுக்கத்துக்கு உள்ளாகியே இருக்கிறது. முடுக்கம் என்பது வேகத்தின் அளவு மாறுவதை மட்டுமன்றி, திசை மாறுவதையும் உள்ளடக்கியது. நியூட்டனின் முதல் விதிப்படி, புற விசை எதுவும் செயல்படாத பொருள் நேர்கோட்டில்தான் செல்லும். கார் அந்த நேர்கோட்டை விட்டு விலகி வட்டப்பாதையில் செல்ல வேண்டுமானால், வட்டத்தின் மையத்தை நோக்கி அதை ஒரு விசை இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவே மையநோக்கு விசை.

காருக்குள் அமர்ந்திருப்பவருக்கோ, தன்னை யாரோ வெளிப்பக்கமாகத் தள்ளுவதுபோல் தோன்றுகிறது. அவருடைய உடல் நேர்கோட்டிலேயே செல்ல முனைகிறது. கார் அவருக்கு அடியிலிருந்து உள்பக்கமாகத் திரும்புகிறது. கதவு அவர்மேல் வந்து அழுந்துகிறது. காரோடு சேர்ந்து சுழலும் பார்வையிலிருந்து கணக்கிடுவோர் இதை மையவிலக்கு விசை என்று எடுத்துக்கொள்வதில் பிழையில்லை. ஆயினும் சாலையோரத்தில் நின்று பார்ப்பவரின் பார்வையையே நாம் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் விசை எங்கிருந்து வருகிறது என்ற முக்கியமான கேள்விக்கு அந்தப் பார்வைதான் நேரடியாக விடை தருகிறது.

படி 2: வளைவின் ஆரத்தை அளத்தல்

கணக்குக்குத் தேவையான முதல் எண் ஆரம். வளைவின் மையம் பெரும்பாலும் மலைச்சரிவுக்குள்ளோ பள்ளத்திலோ இருக்கும் என்பதால், அங்கே போய் நின்று அளக்க முடியாது. அதற்கான தேவையும் இல்லை. செயற்கைக்கோள் வரைபடத்தில் தொலைவை அளக்கும் வசதியே போதும்.

நீங்கள் செல்லவிருக்கும் தடத்தின் நடுவில், சீராக வளையும் பகுதிக்குள், இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை இணைக்கும் நேர்கோட்டின் நீளம் நாண். நாணின் நடுப்புள்ளியிலிருந்து தடத்தின் நடுக்கோடு வரை செங்குத்தாக அளந்தால் கிடைப்பது வில்லின் உயரம். இப்போது,

ஆரம் = (நாண் × நாண்) ÷ (8 × உயரம்) + உயரம் ÷ 2

நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரி வளைவில் நாண் 24 மீட்டர், உயரம் 5 மீட்டர் என்று கொள்வோம். 576-ஐ 40-ஆல் வகுத்தால் 14.4, அதனுடன் 2.5 சேர்த்தால் 16.9. ஆரம் சுமார் 17 மீட்டர். இனி வரும் படிகள் அனைத்திலும் இந்த 17 மீட்டர் வளைவையே பயன்படுத்துவோம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே வளைவுக்கு ஏறுபவருக்கு ஓர் ஆரமும் இறங்குபவருக்கு வேறோர் ஆரமும் உண்டு. நம் நாட்டில் இடப்பக்கமாகச் செல்வதால், இடப்புறம் திரும்பும் வளைவில் நாம் உள்தடத்தில், அதாவது ஆரம் குறைந்த, ஏற்ற இறக்கம் செங்குத்தான பக்கத்தில் இருக்கிறோம். வலப்புறம் திரும்பும்போது வெளித்தடத்தில் இருக்கிறோம். ஏறும்போது எளிதாகத் தோன்றிய வளைவு இறங்கும்போது கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம். இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளங்களில் ஓட்டுநர்கள் வெளிவிளிம்பிலிருந்து நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்புக்கு வருவது சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி ஆரத்தைக் கூட்டிக்கொள்வதற்காகத்தான். எதிரே வண்டி வரக்கூடிய பொதுச்சாலையில் அந்த உத்திக்கு இடமே கிடையாது; நம் தடத்தின் ஆரம் எதுவோ அதுவே நமக்கு உரியது.

படி 3: எவ்வளவு பிடிமானம் தேவை என்று கணக்கிடல்

வட்டப்பாதையில் செல்லும் பொருளின் முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். இதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காகச் சொல்வது வசதியானது. வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் ஆரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டால், சூத்திரம் இவ்வாறு அமையும்:

தேவை = (வேகம் × வேகம்) ÷ (127 × ஆரம்)

127 என்ற எண், மணிக்குக் கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக மாற்றும் 3.6-இன் வர்க்கத்தையும் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐயும் பெருக்கியதால் வந்தது. நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்கள் வளைவுகளை வடிவமைப்பதும் இதே சூத்திரத்தைக் கொண்டுதான்.

17 மீட்டர் ஆரத்துக்கு 127 × 17 = 2159. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தேவை 400 ÷ 2159, அதாவது 0.19. 30 கி.மீ. வேகத்தில் 0.42. 40 கி.மீ. வேகத்தில் 0.74. வேகம் இருமடங்கானபோது தேவை நான்கு மடங்காகியிருப்பதைக் கவனியுங்கள். நேர்ச்சாலையில் 30-க்கும் 40-க்கும் இடையில் பெரிய வேறுபாடு எதுவும் தெரிவதில்லை. இந்த வளைவிலோ அது ஓரளவு வசதியான திருப்பத்துக்கும் காய்ந்த சாலையிலேயே டயர் கிட்டத்தட்ட முழுத் திறனையும் செலவிடும் நிலைக்கும் இடையிலான வேறுபாடு. மனிதப் புலன் வேகத்தை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டித்தான் உணர்கிறது. வளைவு அதை வர்க்கமாக்கி வசூலிக்கிறது.

இந்தச் சூத்திரத்தில் காரின் எடை இடம்பெறவில்லை. எடை கூடினால் தேவைப்படும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது, டயர் சாலையை அழுத்தும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. ஆகவே பெரிய கார் வளைவில் "நன்றாக நிற்கும்" என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் எதுவும் இல்லை. உயரமும் அகலமும் எப்படி நுழைகின்றன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

படி 4: அந்தப் பிடிமானம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பார்த்தல்

மையநோக்கு விசையைத் தருவது சாலையும் டயரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எழும் உராய்வு. எஞ்சினுக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. ஸ்டியரிங் அந்த உராய்வின் திசையை மாற்றித் தருகிறது, அவ்வளவே. தொட்டுக்கொள்ளும் பரப்பு எவ்வளவு சிறியது என்பதையும் கணக்கிட்டு விடலாம். 1200 கிலோ காரில் ஒரு சக்கரத்தின் மீது சராசரியாக 300 கிலோ பளு விழுகிறது. டயருக்குள் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. ஆகவே ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர். இத்தகைய நான்கு சிறு பரப்புகள்தான் முழுக் காரையும் குடும்பத்தையும் வளைவுக்குள் பிடித்து வைத்திருக்கின்றன.

பிடிமானத்தின் மேல்வரம்பை உராய்வுக் குணகம் குறிக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு இது சுமார் 0.7 முதல் 0.8 வரை இருக்கும். நனைந்த சாலையில் 0.4 முதல் 0.5 வரை இறங்கிவிடலாம். சேறு, பாசி, வழவழப்பான இலைச்சருகு, லாரிகளிலிருந்து சிந்திய டீசல் ஆகியவை அதை இன்னும் கீழே தள்ளும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் தொடக்க நிமிடங்களில், சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து மெழுகுவதால், கொட்டும் மழையைவிட அந்தத் தூறல் ஆபத்தானதாக இருக்கக்கூடும். டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காக உள்ளவை. அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும் என்பதற்காகவே பள்ளங்களுக்குள் சிறு திட்டுகளை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். மலைக்குப் போகும் முன் அவற்றைக் குனிந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை.

டயர் பக்கவாட்டு விசையை உண்டாக்கும் முறையும் சுவையானது. சக்கரம் நோக்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் முற்றிலும் ஒன்றாக இருந்தால் பக்கவாட்டு விசை எழுவதே இல்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு, இரண்டு திசைகளுக்கும் இடையில் சில பாகைகள் வேறுபாடு தோன்றும்போதுதான் விசை பிறக்கிறது. இந்த வேறுபாட்டை நழுவு கோணம் எனலாம். கோணம் கூடக்கூட விசையும் கூடும். சாதாரணக் கார் டயரில் ஏறக்குறைய 6 முதல் 10 பாகைக்குள் அது உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் விசை கூடாது, குறையத் தொடங்கும். இந்த உண்மையைப் படி 10-இல் மீண்டும் பயன்படுத்துவோம்.

படி 5: சாலையின் பக்கச் சரிவைக் கணக்கில் சேர்த்தல்

வளைவில் சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தி அமைத்தால், காரின் மீது சாலை செலுத்தும் எதிர்விசை சற்றே உள்நோக்கிச் சாய்கிறது. அந்தச் சாய்வு மையநோக்கு விசையின் ஒரு பகுதியைத் தந்துவிடுவதால் உராய்வின் சுமை குறைகிறது. சாதாரணச் சரிவுகளுக்கு, தேவையிலிருந்து சரிவைக் கழித்துவிட்டால் உராய்வு தர வேண்டிய பங்கு கிடைக்கும்.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த நெறிமுறைகள் பனி பொழியாத மலைப்பகுதிகளில் 10 விழுக்காடு வரையும், சமவெளியில் 7 விழுக்காடு வரையும் இந்தச் சரிவை அனுமதிக்கின்றன. வடிவமைப்பில் உராய்வுக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு வெறும் 0.15. காய்ந்த சாலை 0.7 தரக்கூடியது என்று தெரிந்தும் ஐந்தில் ஒரு பங்கையே எடுத்துக்கொண்டது, மழை, தேய்ந்த டயர், திடீர் பிரேக் ஆகிய அனைத்துக்கும் இடம் வைப்பதற்காக. கொண்டை ஊசி வளைவுகளுக்கு அவர்கள் குறைந்தபட்சமாக வைத்திருப்பது மணிக்கு 20 கி.மீ. வடிவமைப்பு வேகமும், உள்வளைவுக்கு 14 மீட்டர் ஆரமும். போட்டுப் பாருங்கள்: 400 ÷ (127 × 14) = 0.225; சரிவு 0.10 போக உராய்வு தர வேண்டியது 0.125. எண்கள் தமக்குள் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் பழைய மலைச்சாலைகள் பல இந்த நெறிமுறைகளுக்கு முன்பே வெட்டப்பட்டவை. அவற்றில் இதைவிட நெருக்கமான வளைவுகளை எதிர்பார்த்தே செல்ல வேண்டும்.

நமது மாதிரி வளைவில் சரிவு 7 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உராய்வு தர வேண்டியது 20 கி.மீ. வேகத்தில் 0.12, 30 கி.மீ. வேகத்தில் 0.35, 40 கி.மீ. வேகத்தில் 0.67.

நேர்ச்சாலையிலிருந்து வட்டத்துக்கு ஒரே நொடியில் தாவாமல் இருப்பதற்காக, இரண்டுக்கும் இடையில் ஆரம் சிறிதுசிறிதாகக் குறையும் இணைப்பு வளைவு ஒன்றையும் பொறியாளர்கள் அமைக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுக்கு அதன் குறைந்தபட்ச நீளம் 15 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க ஏறக்குறைய 2.7 நொடி ஆகிறது. ஸ்டியரிங்கைத் திருப்ப எடுத்துக்கொள்ள வேண்டிய நேரமும் அதுவே. பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு மலைப்பாதையில் தலைசுற்றலும் குமட்டலும் வருவதில், ஒவ்வொரு வளைவிலும் திடீரென வெட்டித் திருப்பி, திடீரென நேராக்கும் ஓட்டுமுறைக்குப் பெரும் பங்கு உண்டு.

படி 6: பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே பிடிமானத்தைப் பங்கிடுவதை அறிதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருப்பவருக்கு நான் காட்டுவது இந்தப் படியைத்தான்.

டயருக்குத் திரும்புவதற்கென ஒரு பிடிமானம், நிறுத்துவதற்கென வேறொரு பிடிமானம் என்று இரண்டு கிடையாது. மாதச் சம்பளத்தில் வாடகைக்கு எடுத்தது போக மீதிதான் மளிகைக்கு என்பதுபோல, திரும்புவதற்குச் செலவானது போக எஞ்சியதுதான் பிரேக்குக்குக் கிடைக்கும். இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் செயல்படுவதால், கழித்தலை நேரடியாகச் செய்யாமல் செங்கோண முக்கோண விதிப்படி செய்ய வேண்டும். மொத்தப் பிடிமானத்தின் வர்க்கத்திலிருந்து திரும்புவதற்கான பங்கின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் பிரேக்குக்கான மீதி கிடைக்கும்.

மழையில் நனைந்த நமது வளைவை எடுத்துக்கொள்வோம். மொத்தப் பிடிமானம் 0.4. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்புவதற்கு 0.12 செலவாகிறது, 0.16 − 0.0144-இன் வர்க்கமூலம் 0.38. அதாவது ஏறக்குறைய முழுப் பிடிமானமும் பிரேக்குக்கு இன்னும் கைவசம் இருக்கிறது. 25 கி.மீ. வேகத்தில் திரும்புவதற்கான பங்கு 0.22, மீதி 0.33. 30 கி.மீ. வேகத்தில் பங்கு 0.35, மீதி 0.19. 31 கி.மீ. வேகத்தில் மீதி 0.14. 32 கி.மீ. வேகத்தில் திரும்புவதற்கே 0.40 வேண்டியிருப்பதால் மீதி எதுவும் இல்லை.

இந்த எண்களின் போக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். 20-லிருந்து 25-க்குச் செல்லும்போது இழப்பு சிறிது. 30-லிருந்து 32-க்குச் செல்லும்போது இருந்ததெல்லாம் போய்விடுகிறது. "நேற்றும் இதே வேகத்தில்தானே வந்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று நினைப்பவருக்கு, மணிக்கு 2 கி.மீ. தொலைவில் விளிம்பு இருந்ததை அறிய எந்த அறிகுறியும் இருந்திருக்காது. வளைவின் நடுவில் ஒரு மாடோ கல்லோ எதிர்ப்பட்டு, அனிச்சையாகப் பிரேக்கை அழுத்தும்போதுதான் கையிருப்பு தீர்ந்துபோனது தெரியவருகிறது.

இறக்கத்தில் இன்னொரு கழிவும் உண்டு. 6 விழுக்காடு இறக்கத்தில் வேகம் கூடாமல் காரை வெறுமனே பிடித்து வைத்திருப்பதற்கே 0.06 பங்கு செலவாகிவிடும். அது போகத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். ஆகவே வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதையும், சக்கரங்கள் நேராக இருக்கும்போதே, வளைவின் வாயிலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் வேகத்தைச் சீராக வைத்திருந்து, வெளியேறும் பாதை கண்ணில் தெளிவாகத் தெரிந்த பிறகு ஸ்டியரிங் நேராக நேராக ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும்.

படி 7: எடை இடம்பெயர்வதையும் கவிழும் எல்லையையும் கணக்கிடல்

மையநோக்கு விசை தரைமட்டத்தில், டயரில் செயல்படுகிறது. காரின் ஈர்ப்பு மையமோ தரையிலிருந்து அரை மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இந்த உயர வேறுபாட்டால் கார் வெளிப்பக்கமாகச் சாய முற்பட்டு, உள்சக்கரங்களின் பளு வெளிச்சக்கரங்களுக்கு மாறுகிறது. மாறும் பளு = எடை × பக்கவாட்டு முடுக்கத்தின் பங்கு × ஈர்ப்பு மைய உயரம் ÷ இரு பக்கச் சக்கரங்களின் இடைவெளி. 1000 கிலோ கார், பங்கு 0.4, உயரம் 0.55 மீட்டர், இடைவெளி 1.5 மீட்டர் என்றால் மாறும் பளு ஏறக்குறைய 147 கிலோ. பக்கத்துக்கு 500 கிலோவாக இருந்தது, உள்ளே 353, வெளியே 647 என்றாகிறது.

ரப்பரின் இயல்பு என்னவென்றால், பளு இருமடங்கானாலும் பிடிமானம் இருமடங்காவதில்லை. வெளிச்சக்கரம் கூடுதலாகப் பெறுவது, உள்சக்கரம் இழப்பதைவிடக் குறைவு. ஆகவே பளு அதிகம் இடம்பெயரும் உயரமான வண்டி, அதே டயரோடு கூட, தாழ்வான காரைவிடச் சற்று முன்னதாகவே பிடிமானத்தை இழக்கும்.

உள்சக்கரத்தின் மீதான பளு முற்றிலும் பூஜ்யமாகும் புள்ளியே கவிழும் எல்லை. சக்கர இடைவெளியை ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். மேலே சொன்ன காருக்கு 1.5 ÷ 1.1 = 1.36. சாலை தரக்கூடிய பிடிமானம் 0.8-தான் என்பதால், சமதளச் சாலையில் இந்தக் கார் கவிழ்வதற்கு முன்பே சறுக்கிவிடும். ஈர்ப்பு மையம் 0.70 மீட்டர் உயரத்தில் உள்ள, 1700 கிலோ எஸ்.யூ.வி. ஒன்றுக்கு இந்த எண் 1.07. அதன் கூரையில் 1.9 மீட்டர் உயரத்தில் 100 கிலோ மூட்டைகளைக் கட்டினால் ஈர்ப்பு மையம் 0.77 மீட்டருக்கு உயர்ந்து, எண் 0.98-க்கு இறங்குகிறது. சுற்றுலாவுக்குச் செல்வோர் கனமான பைகளைக் கூரையில் ஏற்றாமல் இருக்கைகளுக்கு இடையே தாழ்வாக வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. நிறைய ஆட்களும் மேல்தளச் சுமையும் கொண்ட வேன்கள், லாரிகளில் இந்த எண் 0.8-ஐ நெருங்கவோ அதற்குக் கீழே இறங்கவோ கூடும்; அவை சறுக்காமலேயே கவிழக்கூடியவை. சறுக்கும் காரும், பக்கவாட்டில் நகரும்போது சக்கரம் ஒரு கல்லிலோ மண்விளிம்பிலோ தடுக்கினால் கவிழ்ந்துவிடும். அப்போது உராய்வின் எல்லை பொருளற்றதாகிவிடுகிறது.

1997 அக்டோபரில் சுவீடனில், சாலையில் குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பது போன்ற திடீர்த் திருப்பச் சோதனையில் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் புதிய ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது உலகெங்கும் செய்தியானது. அந்த நிறுவனம் இ.எஸ்.பி. எனப்படும் நிலைப்புக் கட்டுப்பாட்டை அந்தச் சிறிய காரின் எல்லா வகைகளிலும் பொருத்தத் தொடங்கியது. போஷ் நிறுவனத்துடன் சேர்ந்து 1995-இல் விலையுயர்ந்த எஸ்-கிளாஸ் காரில் அறிமுகமான அந்தத் தொழில்நுட்பம் சாதாரணக் கார்களுக்குப் பரவியதில் அந்தக் கவிழ்வுக்கும் ஒரு பங்கு உண்டு.

படி 8: நான்கு சக்கரங்களும் நான்கு பாதைகளில் செல்வதைக் கவனித்தல்

ஒரு முழுக் கொண்டை ஊசி வளைவில், கார் 180 பாகை திரும்பும்போது, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கூடுதலாகக் கடக்கும் தொலைவு சக்கர இடைவெளியை 3.14-ஆல் பெருக்கியது: 1.5 மீட்டர் இடைவெளிக்கு ஏறத்தாழ 4.7 மீட்டர். வளைவு பெரிதா சிறிதா என்பது இந்த எண்ணைப் பாதிப்பதில்லை. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பிணைந்திருந்தால், இந்த 4.7 மீட்டரை ஏதோ ஒரு டயர் தேய்ந்தே கடக்க வேண்டியிருக்கும். டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு இதைத் தீர்க்கிறது. முன்சக்கரங்களும் இதேபோல வெவ்வேறு கோணங்களில் திரும்புகின்றன. உள்சக்கரம் கூடுதலாகத் திரும்பும்படி இணைப்புத் தண்டுகள் அமைக்கப்பட்டுள்ளன. குதிரை வண்டிகளுக்காக ஜெர்மானியரான லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்கி, 1818-இல் இங்கிலாந்தில் ஆக்கர்மான் காப்புரிமை பெற்ற அமைப்பு அது.

மலைச்சாலையில் இதைவிட முக்கியமானது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை, உள்பக்கமாக வெட்டிச் செல்கின்றன என்பது. வெட்டும் அளவு ஏறக்குறைய முன்பின் சக்கர இடைவெளியின் வர்க்கத்தை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தது. 2.4 மீட்டர் இடைவெளி கொண்ட காருக்கு நமது வளைவில் அது 17 சென்டிமீட்டர். 6 மீட்டர் இடைவெளி கொண்ட பேருந்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல். பேருந்தின் முன்மூக்கோ வெளிப்பக்கம் நீண்டு வரும். அதனால்தான் கொண்டை ஊசி வளைவில் பேருந்து சாலையின் ஏறக்குறைய முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதன் ஓட்டுநர் அத்துமீறுவதாக எண்ணி அந்த இடைவெளிக்குள் காரை நுழைப்பது, வடிவியலோடு சண்டையிடுவதாகும். வளைவுக்கு முன்பே நின்று பேருந்தைத் திரும்பவிட வேண்டும். இரு வண்டிகள் ஒதுங்க இடமில்லாத சரிவில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டப்படியான விதியும்கூட.

படி 9: இறக்கத்தில் வெப்பத்தின் கணக்கு

1200 கிலோ கார் 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் தகடுகளுக்குள் போகிறது. பிரேக்கை இடைவிடாமல் லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் தகடுகளுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை எண்ணெய்க்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை தேவை என்றால், ஈரம் ஏறிய பிறகு தரம் எதிர்பார்ப்பது 155 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால் பெடல் காலுக்கடியில் தளர்ந்து இறங்கிவிடும்.

ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குவது, இந்த வெப்பத்தின் ஒரு பகுதியை எஞ்சினுக்கு மாற்றிவிடுகிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறங்குவது அந்த உதவியை இழக்கும் செயல்; எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்கின் துணைவிசையையும் சேர்த்து இழக்க நேரிடும்.

படி 10: பிடி விடும்போது என்ன நிகழ்கிறது என்று அறிதல்

முன்சக்கரங்கள் முதலில் பிடிமானத்தை இழந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வெளிப்பக்கமாக அகன்று செல்லும். இது அண்டர்ஸ்டியர். பின்சக்கரங்கள் முதலில் இழந்தால் காரின் பின்பகுதி வெளியே வீசப்பட்டு, கார் தன்னைத்தானே சுற்ற முற்படும். இது ஓவர்ஸ்டியர். பெரும்பாலான குடும்பக் கார்களைத் தயாரிப்பாளர்கள் முதல் வகைக்கே சாயுமாறு அமைக்கிறார்கள், ஏனெனில் அஞ்சிய ஓட்டுநர் இயல்பாகச் செய்யும் செயல், அதாவது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது, அதற்கே சரியான மருந்து.

கார் அகன்று செல்லும்போது ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்பத் தோன்றும். நழுவு கோணம் உச்சத்தைத் தாண்டிய டயரை இன்னும் திருப்பினால் விசை குறையுமே தவிரக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கைச் சற்றே தளர்த்தி, டயர் மீண்டும் பற்றிக்கொண்டதும் திருப்ப வேண்டும். பின்பகுதி வீசப்பட்டால், போக வேண்டிய திசையைப் பார்த்து அதை நோக்கி ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக்கைத் திடீரென அழுத்தினால் எடை முன்னே பாய்ந்து பின்சக்கரங்கள் மேலும் இலேசாகிவிடும். இ.எஸ்.பி. உள்ள கார், அகன்று செல்லும்போது பின்பக்க உள்சக்கரத்தையும், சுற்ற முற்படும்போது முன்பக்க வெளிச்சக்கரத்தையும் தனியாகப் பிரேக் பிடித்துக் காரைத் திருப்பி நிறுத்த முயலும். அதற்கும் சாலை தரும் 0.4 மட்டுமே கையிருப்பு.

படி 11: ஒரு வளைவை முழுதாகக் கணக்கிடல்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து, மழையில் நமது 17 மீட்டர் வளைவை நோக்கி 6 விழுக்காடு இறக்கத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருவதாகக் கொள்வோம். நனைந்த சாலையின் பிடிமானம் 0.4, திரும்புவதற்கு அதில் பாதியை, 0.2-ஐ மட்டுமே ஒதுக்குவோம். பக்கச் சரிவு 0.07 சேர்ந்து 0.27. 127 × 17 × 0.27 = 583; அதன் வர்க்கமூலம் 24. ஆகவே நுழையும் வேகம் மணிக்கு 24 கி.மீ.

பிரேக்குக்கும் 0.2 பங்கை மட்டும் பயன்படுத்தினால், இறக்கத்துக்கு 0.06 கழிந்து 0.14 மிஞ்சும். தேவைப்படும் தொலைவு, இரு வேகங்களின் வர்க்க வேறுபாட்டை 254 × 0.14-ஆல் வகுத்தது: (1600 − 576) ÷ 35.6 = 29 மீட்டர். வளைவைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் கார் 17 மீட்டர் கடந்திருக்கும். மொத்தம் 46 மீட்டர்.

மழையோடு பனிமூட்டமும் இறங்கி, முன்னே 25 மீட்டர்தான் தெரிகிறது என்றால், 40 கி.மீ. வேகத்தில் இந்த வளைவைக் கண்ட பிறகு 24-க்கு இறங்கவே முடியாது. 30 கி.மீ. வேகத்தில் வந்தால் பிரேக்குக்கு 9 மீட்டரும் எதிர்வினை நேரத்துக்கு 12.5 மீட்டருமாகச் சுமார் 22 மீட்டர் போதும். ஆகவே அத்தகைய நேரத்தில் வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்ச்சாலையிலும் வேகமானி 30-ஐத் தாண்டக் கூடாது; தெரியும் தொலைவு 25 மீட்டருக்கும் குறைந்துவிட்டால், அதற்கேற்ப இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கே இறங்கிவிட வேண்டும்.